பனைமரத்துக்குத் தைத்த கோட்டு

எனக்கு எதிர்வீட்டில் இருப்பவர் குளிர்சாதன மெக்கானிக். இறைச்சிக்கடை, பால் நிலையம், மருந்துக்கடை, ஓட்டல் என்று ஊரில் எங்கெல்லாம் ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் அவர் கை பட்டிருக்கும். வருஷத்தில் நாலு மாதம் வாயைத் திறந்தாலே புகை வருகிற ஊரில் குளிரை வைத்துப் பிழைக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எதையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார். ஃபிரிட்ஜின் முதுகு, காய்ச்சல்காரரின் நெற்றி, என் வீட்டு டீக்கோப்பை, எல்லாவற்றுக்கும் ஒரே பரிசோதனைதான். இருபத்தாறு வருஷம் இப்படித் தொட்டுத் தொட்டே பழகியதில், தெர்மாமீட்டருக்கு முன்னால் அவர் புறங்கை முந்திக்கொண்டுவிடும்.

அந்த வீட்டில் மூன்று பேர். கீழே மெக்கானிக்கும் மனைவியும், மாடியில் அவருடைய அக்கா. மனைவி கடைவீதியில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். பேன்ட் நீளத்தைக் குறைப்பது, கோட்டு அகலத்தைக் கூட்டுவது, ஜிப் மாற்றுவது. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தோள் அளவைத்தான் பார்ப்பார். அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையைத்தான் விட்டார், வார்டை விடவில்லை. தெருவில் யார் இருமினாலும் மாடி ஜன்னல் திறக்கும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், பனி உருகி முடிந்த வாரத்தில், ஓர் ஓட்டலின் குளிர் அறையைச் சரிசெய்யப் போயிருக்கிறார் மெக்கானிக். வேலை முடிந்து கருவிப் பெட்டியோடு வரவேற்பறை வழியாக வந்தபோது, இரண்டு ஆட்கள் கைரம்பத்தோடு ஒரு தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தொட்டியில் ஒரு பனை. கருக்கு மட்டையும் கறுத்த உடம்புமாக நாம் நினைக்கிற பனை அல்ல. அதன் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். விசிறி விசிறியாக ஓலை, தண்டு முழுக்கப் பழுப்பு நிறத்தில் நார் மண்டி, கம்பளி போர்த்திய குரங்கு மாதிரி நின்றது. ஏழடி வளர்ந்து கூரையில் தலை இடித்து, மேலோலை இரண்டு மடங்கிப்போயிருந்தது.

“இதுக்கு மேல கூரையை உசத்த முடியாதுங்க. அதான் வெட்டிடலாம்னு” என்றார் ஓட்டல் மேலாளர்.

மெக்கானிக் வழக்கம்போலப் புறங்கையால் தண்டைத் தொட்டுப் பார்த்தார். என்ன தோன்றியதோ, “வெட்றதுக்கு எதுக்கு சார் ஆளு, என் வண்டி காலியாத்தானே போகுது” என்று சொல்லிவிட்டார். தொட்டியோடு மரத்தை வேனில் படுக்க வைத்து, பின்கதவு மூடாமல் கயிறு கட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓலை நுனியில் எச்சரிக்கைக்காக ஒரு சிவப்புத் துணியும் முடிந்து, ஊரைக் குறுக்கே கடந்து வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி வாசலுக்கு வந்து பார்த்தார். ஓலை நுனியிலிருந்து தொட்டி வரை கண்ணாலேயே அளந்தார்.

“இது எங்க தங்கப் போகுது?”

“வீட்டுக்குள்ள நிக்காது. உயரம் பத்தாது.”

“நல்லவேளை, வீட்டுக்காவது புத்தி இருக்கு.”

மாடி ஜன்னல் திறந்தது. “யாருடா அட்மிட் ஆயிருக்கிறது?” என்று கேட்டார் அக்கா.

வீட்டுக்கு முன்னால் பத்தடிக்கு எட்டடி மண் இருந்தது. சமையலறைச் சுவரை ஒட்டி, மதியம் முழுக்க வெயில் விழுகிற மூலையில் மெக்கானிக் குழி தோண்டினார். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாதென்று ஒரு கூடை ஜல்லி கொட்டினார். மரத்தை இறக்க நானும் ஒரு கை கொடுத்தேன். என் பனியனுக்குள் புகுந்த நாரை எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

அப்போதுதான் நகராட்சிப் பூங்காக்களின் மேற்பார்வையாளர் அந்த வழியாக வந்தார். எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருக்கிறார். காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சி. ஒல்லியான மனிதர், பேச்சு மட்டும் கனம். வேலிக்கு வெளியே நின்று, மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி மரத்தை மேலும் கீழும் பார்த்தார். மெக்கானிக் தண்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நாரைப் பிய்க்க ஆரம்பித்திருந்தார்.

“யோவ், பன்னாடைய விடுங்க, பன்னாடைய” என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

உள்ளே தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார். “யாரைச் சொல்றீங்க?”

மேற்பார்வையாளர் ஓரடி பின்வாங்கினார். “அம்மா, அந்த நாருக்குப் பேரே பன்னாடைதாங்க. மட்டையோட அடியில வலை மாதிரி இருக்கு பாருங்க. அதுதான் அதுக்குக் கம்பளி. பிச்சா குளிர் தாங்காதுன்னு சொல்ல வந்தேன்.”

“அப்படியா” என்றார் மனைவி. கத்தரிக்கோலைத் தாழ்த்தவில்லை. பிறகு புருஷனைப் பார்த்து, “ரெண்டு பேருக்கும் பொருந்துது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போகும்போது மேற்பார்வையாளர் தீர்ப்பையும் சொல்லிவிட்டுப் போனார். “எத்தனை விசிறி வெச்சிருந்தாலும் ஒரு குளிர்காலம்தாங்க. ரெண்டாவதைப் பார்க்காது. முப்பது வருஷமா மரம் பார்க்கிறவன் சொல்றேன்.”

அந்த வார்த்தை மெக்கானிக்கைச் சுட்டுவிட்டது. அதற்குப் பிறகு கோடை முழுவதும் அவர் மனசுக்குள் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். குளிர் அறை என்பது வெளியில் இருக்கிற சூட்டை உள்ளே விடாத பெட்டி. அதையே திருப்பிப் போட்டால் வெளியில் இருக்கிற குளிரை உள்ளே விடாது. அவ்வளவுதானே. பழைய குளிர் அறைகளிலிருந்து கழற்றிய தடித்த பலகைகள் நான்கைந்து அவரிடம் இருந்தன. முதல் பனி விழுவதற்கு முன் மரத்தைச் சுற்றி அவற்றை நிறுத்தி, மேலே ஒன்றைப் படுக்க வைத்து, இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டி, ஒரு எறும்பு மூச்சு விட்டாலும் வெளியே வராதபடி அடைத்தார். மாடியிலிருந்து அக்கா கேட்டார்.

“டேய், அதுக்குக் காத்து?”

“காத்து வந்தா குளிரும் வரும்க்கா.”

“நான் கேட்டது அதில்லை.”

“பெட்டி கட்டுறது என் தொழிலு. உன் தொழில்ல நான் தலையிட்டேனா?”

அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எதிர்வீட்டு முன்னால் எட்டடி உயரத்தில் ஒரு வெள்ளை ஃபிரிட்ஜ் நின்றது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் அதில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் அதன் மேல் கணக்கு டியூஷன் நோட்டீஸ் ஒட்டினார். தெரு முழுக்கப் பனி கொட்டியபோது மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு முனையை உள்ளே விட்டு முகத்தை வெளியே வைத்திருந்த தெர்மாமீட்டரின் முள்ளைக் காட்டினார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஏழு. உள்ளே மேலே மூன்று. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பனி போனதும் பெட்டியைத் திறந்தார். முதலில் வந்தது வாடை. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்ட வாடை. சுவர் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஓலைகள் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் நடுவில் மடிப்பு விரியாமல் நிற்கிற குருத்தை மெக்கானிக் இரண்டு விரலால் பிடித்தபோது, பிடித்த பிடியிலேயே அது கழன்று கையோடு வந்துவிட்டது. ஒன்றரை அடி நீளம், அடி கறுத்து, கொழகொழவென்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு, உறையிலிருந்து வாளை உருவிவிட்டு யாரோடு சண்டை போடுவதென்று தெரியாதவர் மாதிரி அவர் நின்றார்.

பனைக்கு ஒரே குருத்துதான். அது போனால் மரம் போனதாகத்தான் கணக்கு. இது அவருக்கும் தெரியும்.

அவமானம் அவருக்கு அதிலில்லை. பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்: “என் தொழில்ல முதல் எதிரி சூடு இல்லீங்க, ஈரம். புதுசா சேர்ற பையன் ஒவ்வொருத்தன்கிட்டயும் அதைத்தான் முதல்ல சொல்லுவேன். எனக்கு நானே சொல்லிக்க மறந்துட்டேன்.”

அக்கா கீழே இறங்கி வந்தார். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்குப் பதில் ஸ்டூலைப் போட்டு ஏறி, குருத்து இருந்த பள்ளத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

“அழுகியிருக்கு. ஆனா மேலாகத்தான். அடியில இன்னும் கெட்டியா இருக்கு.” அவர் குரலே மாறிவிட்டது. “டேய், ஒரு டார்ச். ஒரு ஸ்பூன், நீளக் காம்பு. இந்தா, நீங்க” என்று வேலிக்கு வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டார், “கை கழுவிட்டு வாங்க.”

அழுகியதைச் சுரண்டி எடுத்தார். புண்ணைக் கழுவுகிற, ஊற்றினால் நுரை பொங்குகிற மருந்து அவரிடம் எப்போதும் இருக்கும். அதைப் பள்ளத்தில் ஊற்றினார். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி மரத்தின் உச்சியில் வெள்ளை நுரை எழும்பி வழிந்தது. அது அடங்கியதும் பஞ்சால் ஒற்றி எடுத்தார். மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குடை மாதிரி கட்டி, மழை விழாமல் காற்று மட்டும் போகும்படி விட்டார். மூன்று நாளைக்கு ஒருமுறை இதே சிகிச்சை. வேலியில் ஒரு அட்டை தொங்கியது. தேதி, நேரம், வாடை, நுரை எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் அதில் ஏறியது. ‘நோயாளி பெயர்’ என்ற இடத்தில் ‘தம்பியின் மரம்’ என்று எழுதியிருந்தார்.

பத்து வாரம் ஒன்றுமில்லை. மெக்கானிக் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார். மனைவி இன்ச் டேப்பால் அளந்து பார்த்தார். ஒரு காலையில் அவர்தான் கத்தினார், “என்னங்க, அரை இஞ்ச் ஏறியிருக்கு.”

வந்த ஓலை அசிங்கமாக இருந்தது. நுனியில்லை, பாதி விசிறிதான், ஓரமெல்லாம் கோணல். “கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாதவ வெட்டின மாதிரி இருக்கு” என்றார் மனைவி. ஆனாலும் அன்றைக்கு அவர் கடையை அரை மணி நேரம் தாமதமாகத்தான் திறந்தார். அடுத்த ஓலை கொஞ்சம் ஒழுங்காக வந்தது. அதற்கடுத்தது முழு விசிறி.

மேற்பார்வையாளர் நடைப்பயிற்சியில் வேலியருகே நின்று அட்டையை முழுவதும் படித்தார். மரத்தைப் பார்த்தார். நடையைத் தொடர்ந்தார். மறுநாளும் நின்று படித்தார். அதன் பிறகு தினமும் படித்தார்.

அடுத்த குளிர்காலத்துக்கான ஆலோசனைக் கூட்டம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். மூச்சு விடுகிற உடுப்பு வேண்டும் என்றார் அக்கா. அப்படியென்றால் துணி, அதாவது கோட்டு என்றார் மனைவி. சொல்லி முடித்த பிறகுதான் தானே மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது.

“இடுப்பு எவ்வளவு?” என்று பெருமூச்சோடு டேப்பை எடுத்தார்.

“இடுப்பு எதுங்கிறதே தெரியலையே” என்றார் மெக்கானிக்.

“உங்களுக்கும்தான் தெரியல. உங்களுக்குத் தைக்கலையா?”

மட்டைகளை மேலே தூக்கி, குடையை மடக்குகிற மாதிரி சேர்த்துக் கட்டிவிட்டு அளவெடுத்தார். வெளியே தடித்த சாக்குத் துணி, உள்ளே பழைய கம்பளி, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பெரிய பெரிய பொத்தான்கள். வெயில் அடிக்கிற நாளில் பொத்தானைக் கழற்றிக் காற்றோட விடலாம். உச்சிக்கு மழைத்துணியில் தொப்பி. கழுத்துப் பட்டைகூட வைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். “கழுத்துப் பட்டை இல்லாம நான் கோட்டு தைச்சதா ஊர்ல பேர் வரக்கூடாது” என்றார்.

சூட்டுக்கு மெக்கானிக் சீரியல் விளக்குச் சரம் ஒன்று வாங்கிவந்து தண்டில் சுற்றினார். அரை மணி எரியவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது. இந்தக் காலத்து எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. உள்ளே கம்பி பழுத்து எரிகிற பழைய குண்டு பல்புச் சரம்தான் வேண்டும். ஊரில் நாலைந்து மின்சாமான் கடை ஏறி இறங்கினார். எல்லோரும் புதுசைத்தான் கேட்பார்கள், இந்த மனிதர் கரண்டு அதிகமாக இழுக்கிற பழசைக் கேட்கிறாரே என்று ஒரு கடைக்காரர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். கடைசியில் ஒரு மேடை அலங்காரக்காரரின் பரணிலிருந்து இரண்டு சரம் கிடைத்தது.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். உள்ளே சூடு ஏறினால் மோட்டாரை ஓட்டும், குளிர்ந்தால் நிறுத்தும். மெக்கானிக் அதன் இணைப்பை மாற்றினார். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு போனால் விளக்கு எரியும், சூடு வந்தால் அணையும். இதற்காக யாரும் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை.

தெருவுக்கு இதில் ஒரு லாபம் கிடைத்தது. சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோட்டுக்குள் மரம் இளமஞ்சளாக எரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். “மரம் எரியுது, மஃப்ளரை எடு” என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்டது. வானிலைச் செய்தி கேட்பதை நானே விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முடிந்து கோட்டைக் கழற்றியபோது குருத்து அசையவில்லை. மேற்பார்வையாளர் வந்து, அனுமதி கேட்டு, தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். “பிடிச்சுத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டார். அத்தோடு போயிருப்பார் என்று நினைத்தோம். அடுத்த வாரம் கையில் ஒரு ஃபைலோடு வந்து நின்றார்.

புதிதாகக் கட்டிய பஸ் நிலையத்துக்கு முன்னால் நகராட்சி ஆறு பனை வைக்கப் போகிறது. மேலிடத்தில் யாரோ ஒரு படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார்களாம். இதே சாதிப் பனை. வராது என்று அவர் எழுதினால், உங்க தெருவிலேயே ஒன்று நிற்கிறதே என்று பதில் வந்திருக்கிறது.

“எல்லாம் உங்களாலதாங்க” என்றார்.

“நான் என்ன செஞ்சேன்?” என்றார் மெக்கானிக்.

“சாகவிட்டிருக்கணும். விடலையே.” பிறகு குரலை இறக்கி, “ஆறு கோட்டு வேணும். அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லணும்” என்றார்.

மனைவி பஸ் நிலையத்துக்குப் போய், பயணிகள் வேடிக்கை பார்க்க, ஆறு மரத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்து வந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உடல்வாகு, ஒரே அளவில் வெட்ட முடியாது என்று அடம்பிடித்து, இலையுதிர்காலம் முழுவதும் தைத்தார். ஆறுக்கும் விளக்குச் சரம் சுற்றுகிற வேலை மெக்கானிக் தலையில் விழுந்தது. அவருடைய வழக்கமான வாடிக்கையாளர்கள் பேன்ட் கேட்டு வந்தால், “மரத்துக்கு அப்புறம்தான் மனுஷன்” என்ற பதில் கிடைத்தது.

அந்த வருஷம்தான் பெருங்குளிர் வந்தது. மூன்று நாள் மழை, அது விழுந்த இடத்திலேயே உறைந்தது. மின்கம்பிகள் மேல் கட்டை விரல் பருமனுக்குப் பனிக்கட்டி ஏறி, ஒரு காலை ஒன்பது மணிக்கு ஊர் மொத்தத்துக்கும் கரண்டு போயிற்று. அன்றைக்கு விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு. கரண்டு எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை.

மெக்கானிக்கின் வேனில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று உண்டு. அதை இறக்கி விளக்குச் சரத்தில் இணைக்கிற நேரத்தில் போன் வந்தது. சுகாதார நிலையத்தின் மருந்து அறையிலிருந்து. அது தகரக் கூரை போட்ட பழைய கட்டடம். உள்ளே இருக்கிற ஊசி மருந்தெல்லாம் இரண்டு டிகிரியிலிருந்து எட்டுக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் வீண், உறைந்தாலும் வீண். அவர்களுடைய ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ஹீட்டர் நின்று, அறை மளமளவென்று குளிர்ந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் போனை வைத்துவிட்டு மரத்தடியில் நின்றார். அரை நிமிஷம்கூட இருக்காது.

“அங்க இருக்கறது மருந்து. இது மரம்” என்றார் மனைவி.

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா ஏன் நிக்கிறீங்க? வண்டியை எடுங்க.”

அவர் இணைப்பைக் கழற்றி ஜெனரேட்டரைத் திரும்ப ஏற்றி, டயருக்குப் பனிச்சங்கிலி மாட்டினார். கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

வேன் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா மாடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் வெந்நீர்ப் பைகள், ஒன்பது. கேஸ் அடுப்புக்குக் கரண்டு தேவையில்லை. “உங்க வீட்ல எத்தனை பர்னர்?” என்று என்னைக் கேட்டார். நாலு என்றேன். “நாலுலயும் தண்ணி ஏத்துங்க. கொதிக்க வேண்டாம். கை பொறுக்கிற சூட்டுக்கு மேல ஒரு படி, அவ்வளவுதான். மரத்தை வேக வெச்சுடாதீங்க.”

பிறகு நடந்தது முழுக்க வார்டு வேலை. மனைவி பைகளில் வெந்நீர் நிரப்பிப் பொத்தானைத் திறப்பார், அக்கா ஆறிய பையை எடுத்துச் சூடான பையைக் குருத்தைச் சுற்றி வைப்பார், பொத்தான் மூடும். ஒன்றேகால் மணிக்கொரு முறை. பனியில் வழுக்காமல் தெருவைக் குறுக்கே கடந்து வெந்நீர் சேர்ப்பது என் பாடு. இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் அக்கா முதலில் பையைத்தான் சோதித்தார்.

பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் ஓடி வந்தார். காதுவரை குல்லாய். “மெக்கானிக் எங்க? என் ஆறு மரத்துக்கும் விளக்கு போச்சு.”

“அவர் இல்லை. இதைப் பிடிங்க” என்று அக்கா அவர் கையில் ஒரு பையைத் திணித்தார். மனிதர் பத்து நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றபடியே புலம்பினார். ஆறு மரத்துக்கு எங்கே பை, எங்கே வெந்நீர், அங்கே திறந்த வெளி, காற்று வேறு அறைகிறது.

“காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து?” என்று கேட்டார் அக்கா.

“பஸ் வெளியே போற பக்கம்.”

“வார்டுல ஜன்னலோரம் பேஷன்ட் இருந்தா நாங்க ஸ்கிரீன் வெச்சு மறைப்போம். மறைக்க ஏதாவது நிறுத்துங்க.”

“அவ்வளவு பெருசா எதை நிறுத்தறது?” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்.

சாலையெல்லாம் கண்ணாடியாக இருந்ததால் அன்றைக்கு ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. பஸ் நிலைய மேலாளரிடம் போய் என்ன பேசினாரோ, கெஞ்சினாரோ, மிரட்டினாரோ, மதியத்துக்குள் ஐந்து பஸ்களை நகர்த்தி மரங்களின் காற்றுப் பக்கமாக நெருக்கி வரிசையாக நிறுத்திவிட்டார். நான்கு மரங்களுக்குத்தான் மறைப்பு எட்டியது. ஓரத்து இரண்டுக்கு பஸ் பற்றவில்லை.

மெக்கானிக் மறுநாள் முற்பகலில், கரண்டு வந்த பிறகுதான் வீடு திரும்பினார். மருந்து அறையில் முள் மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மரத்தைப் பார்க்கப் போனார். கோட்டைத் திறந்தால், ஓலை அத்தனையும் வெந்த கீரை மாதிரி நிறம் மாறியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் ஸ்டூலில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு குருத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

“போதும். நல்லா இருக்கிறதையும் பிடுங்கிடாத” என்றார் அக்கா.

இறங்கி வந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. குளிரால்தான் என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. மனைவி காய்ந்த ஓலைகளைப் பார்த்து, “முடிதானே, வளரும்” என்றார். அவர் கைவிரலெல்லாம் வெந்நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

மொட்டைத் தலையோடு நின்ற மரம் கோடையில் ஏழு புது ஓலை விட்டது. பஸ் நிலையத்தில் மறைப்பு கிடைத்த நான்கும் பிழைத்தன. மற்ற இரண்டும் போயின. மேற்பார்வையாளர் தன் அறிக்கையில் ‘ஐந்து பேருந்துகளின் ஒத்துழைப்புடன்’ என்று எழுதினாராம். மேலிடத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் மட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாளை வெடித்தது. பச்சை கலந்த வெளிர் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூ. மேற்பார்வையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“பொண்ணுங்க” என்றார்.

இந்தச் சாதியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாம். ஆண் பூ நல்ல மஞ்சளாக இருக்குமாம். பஸ் நிலையத்து நான்கில் ஒன்று மஞ்சளாகத்தான் பூத்திருந்தது. மறுநாள் அவர் அந்தப் பூங்கொத்தை ஒரு காகிதப் பையில் பத்திரமாக வைத்து, மடியில் ஏந்தி, பஸ்ஸில் கொண்டுவந்தார். அக்கா கையுறை போட்டுக்கொண்டு அதை வாங்கி, ஸ்டூலில் ஏறி, பாளையின் மேல் தட்டித் தட்டி உதறினார். மஞ்சள் தூள் பறந்து எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது.

“இன்னியிலேர்ந்து நாம சம்பந்திங்க” என்றார் மேற்பார்வையாளர். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கே பேச்சில் ஒரு மாப்பிள்ளை வீட்டு மிடுக்கு வந்துவிட்டது. டீயில் சர்க்கரை குறைவு என்றார். மெக்கானிக்கும் பதிலுக்கு, “உங்க பையன் ரோட்டோரத்துல புகையில நிக்கிறவன், நாங்க ஏதாவது சொன்னோமா?” என்றார். இப்போதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், இவர்களில் யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டில் கொடுத்திருக்கிறது என்று என்னிடம் விசாரிக்கிறார்கள்.

குளிர் தொடங்குமுன் காய் பிடித்து, நீலம் பாய்ந்த கறுப்பாகக் கொத்துக் கொத்தாகப் பழுத்தது. மெக்கானிக் விதைகளை ஊறவைத்து, ஒரு கடைக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்து, தன் பட்டறையில் ஓடிக்கொண்டே இருந்த பெரிய ஃபிரிட்ஜின் மேல், சூடு வருகிற முதுகுப்புறமாகத் தட்டு வைத்து முளைக்கப் போட்டார். அந்தக் கடைக்காரர் ஃபிரிட்ஜ் எப்போது கிடைக்கும் என்று கேட்கும்போதெல்லாம், இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். இருபத்து மூன்று முளைத்தன. ஓட்டல் மேலாளருக்கு ஒன்று போயிற்று. சுகாதார நிலைய வாசலுக்கு இரண்டு. போன வருஷம் ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர், பேரப்பிள்ளைகள் என்று சொல்லி நான்கை வாங்கிக்கொண்டார்.

ஒன்று என் ஜன்னலோரத்தில் இருக்கிறது. இரண்டு வயதாகிறது, மூன்று இலை. விசிறியாகப் பிரிய இன்னும் நாளாகுமாம். இப்போதைக்குப் புல் மாதிரிதான் நிற்கிறது. வருகிறவர்கள், சின்ன வெங்காயம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். பனை என்று சொன்னால் முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.